ஏழு மணி பாட்டில்

பம்புக்காரர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கடைக்காரன் ஒரு கிலோ என்று கொடுத்தால் கையில் ஏந்தி ஆட்டிப் பார்ப்பார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார். தொப்பலாக நனைந்து வந்த நாட்களும் உண்டு. அப்போதும் ரேடியோ ஜெயித்தது என்று ஒப்புக்கொள்ள மாட்டார், அவர்கள் சொன்னது வேறு மழை என்பார். தெருவில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பேர். 'சந்தேகம் இருக்காரா?' என்று கேட்டுக்கொண்டுதான் வாசலில் வந்து நிற்பார்கள்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. வேலை, துறைமுகத்தை ஒட்டிய பாதாள சாக்கடை பம்ப் ரூமில். மீன் மார்க்கெட்டைச் சுற்றியிருக்கும் பன்னிரண்டு தெருக்களில் எட்டாயிரம் பேர் காலையில் எழுந்து கழித்துவிட்டதெல்லாம் மண்ணுக்கு அடியில் ஓடி வந்து, அந்த அறையின் நடுவில் இருக்கும் வட்டக் கிணற்றில் விழும். கிணறு நாற்பதடி. இரண்டு மோட்டார்கள் அதை உறிஞ்சி, ஊருக்கு வெளியே சுத்தம் செய்யும் இடத்துக்குத் தள்ளும். முப்பத்தொரு வருஷத்தில் மோட்டார் ஒரு நாள் முழுதாய் நின்றதில்லை. நின்றால்தானே அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரியும்.

நோய் வந்தது. எங்கிருந்து, எப்படி என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள், அது இங்கே வேண்டாம். துறைமுகம் அடங்கியது, பள்ளிக்கூடம் அடைத்தது, மீன் மார்க்கெட்டின் இரும்புக் கதவில் சங்கிலி விழுந்தது. அந்தச் சங்கிலியைப் பார்த்து ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டபோது பம்புக்காரர் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். காரணம் அவர் சம்சாரம்.

அந்த அம்மாள் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். அவள் கத்தி போகிற வேகத்துக்கு மீனுக்கே தான் செத்தது தெரியாது என்று பக்கத்துக் கடைக்காரிகள் சொல்வார்கள். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் நோய் வந்து, ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப் போனது. இருப்பது மிச்சம் ஒன்று. இனி நெஞ்சுக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். யார் சொன்னதையும் நம்பாத மனுஷன், அந்த ஒரு டாக்டர் சொன்னதை மட்டும் நம்பினார். பயம் இருக்கிற இடத்தில் சந்தேகம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். மார்க்கெட் மூடிக் கிடக்கிறவரை அவள் வீட்டில் இருப்பாள், அது போதும் என்று இருந்தார்.

அந்த நேரத்தில்தான் மாநகராட்சியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே வெள்ளைப் பாட்டில்கள், ஒட்டும் சீட்டு, முப்பதடிக் கயிறு, ஐஸ் டப்பா. தினமும் காலை சரியாக ஏழு மணிக்குக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் மொண்டு, சீட்டில் நேரம் எழுதி ஒட்டி, ஐஸில் வைக்க வேண்டும். ரெண்டு மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போகும். ஊரில் இருக்கும் நாற்பது பம்ப் ரூமுக்கும் இதே உத்தரவு. சாக்கடையைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம்.

பம்புக்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மோட்டார் சத்தமே அமுங்கிப் போனது. மனுஷன் முகத்தைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லத் தெரியாதவர்கள், அவன் கழித்ததைப் பார்த்துச் சொல்லப் போகிறார்களா என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் அவருடைய சம்சாரத்தின் தம்பி. சாக்கடை அடைப்பு எடுக்கிற லாரி ஓட்டுகிறவன், தினம் பம்ப் ரூமுக்கு வந்து போகிறவன். 'நமக்கென்ன மாமா, கேட்டா மொண்டு குடுப்போம், இது ஒண்ணும் குறையற சரக்கு இல்லையே' என்றான் அவன்.

மொண்டு கொடுத்தார். ஆனால் ஏழு மணிக்கு இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கிணற்றிலிருந்து கடலுக்கு ஒரு பழைய குழாய் போகிறது. மோட்டார் இரண்டும் பழுதானால் கழிவு கடலில் வடிவதற்காக அந்தக் காலத்தில் போட்டது. கடல் உள்ளே வராமலிருக்க அதன் வாயில் ஒரு இரும்பு மூடி உண்டு. அது துருப்பிடித்து ஒரு கீலில் தொங்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. எழுதிப் போட்டார்கள், வந்து பார்த்தார்கள், போனார்கள். கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் அந்த வழியாய்க் கிணற்றுக்குள் வரும், கிணறும் கிடுகிடுவென்று ஏறும். அப்போது ஒரு நீளக் கம்பியில் டப்பாவைக் கட்டி மேலாக மொண்டுவிடலாம். கடல் இறங்கினாலோ, தண்ணீர் அதலபாதாளத்தில் கிடக்கும். முப்பதடிக் கயிறு விட வேண்டும். கயிறு எதையெல்லாம் பூசிக்கொண்டு மேலே வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக, அவர் கடல் எப்போது ஏறுகிறதோ அப்போது மொண்டார். ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பத்து, ஒரு நாள் பன்னிரண்டரை. சீட்டில் மட்டும் நல்ல பிள்ளையாய் ஏழு என்று எழுதினார். பொய்மேல் பொய்யாய்ப் பதினைந்து நாள் போனது.

பதினாறாம் நாள், புதன்கிழமை, பாட்டில்கள் போய்ச் சேருகிற சோதனைக்கூடத்து அம்மா நேரில் வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமாக, தடித்த கண்ணாடியோடு, முகத்தில் கவசத்தோடு வந்தார். புதிதாய் அந்த அறைக்குள் வருகிறவர்கள் வாசலிலேயே ஓங்கரிப்பார்கள். இவர் நேராகக் கிணற்றின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முதன்முதலில் கடலைப் பார்க்கிற குழந்தை மாதிரி பார்த்தார். 'இத்தனை நாள் பாட்டில்லயே பார்த்துட்டிருந்தேன்' என்றார். பம்புக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தக் கிணற்றை அப்படி ஒருத்தர் பார்த்து அவர் கண்டதில்லை.

அந்த அம்மா ஒரு வரைபடத்தை விரித்தார். ஊர் நாற்பது துண்டாக இருந்தது, ஒரு பம்ப் ரூமுக்கு ஒரு துண்டு. நோய் மிகுந்த துண்டு சிவப்பு, கொஞ்சம் இருந்தால் மஞ்சள். வடக்கே ஒரு துண்டைத் தொட்டுச் சொன்னார். போன வாரம் அங்கே ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பாட்டில் மட்டும் சிவப்பு. தெருத் தெருவாய்ச் சாக்கடை மூடியைத் திறந்து மொண்டு பார்த்துக்கொண்டே போனதில், அது ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் போய் நின்றது. உள்ளே பத்தொன்பது பேருக்கு நோய். அவர்களுக்கே தெரியாது. ஐந்து நாள் கழித்து வர வேண்டிய காய்ச்சலை ஐந்து நாள் முன்னாலேயே பிடித்ததில், பதினெட்டுப் பேர் பிழைத்துக்கொண்டார்கள்.

"ஒரு பாட்டில்ல எட்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க ஐயா. எனக்கு உடம்பு சரியில்லைன்னு வாய் சொல்றதுக்கு முன்னாடி வயிறு சொல்லிடுது. வயிறு பொய் சொல்லாது."

பம்புக்காரர் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாய் நாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, முப்பத்தொரு வருஷமாய்ப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. பணக்காரன், கடன்காரன், பொய்யன், யோக்கியன் என்று வித்தியாசமில்லாமல் எட்டாயிரம் பேர் தினம் காலையில் அங்கே வந்து உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

"உங்க கிணறு ஒண்ணுதான் ஊர்லயே பச்சை" என்றார் அந்த அம்மா. "அதை வச்சுத்தான் திங்கக்கிழமை மீன் மார்க்கெட்டைத் திறக்கறாங்க."

பம்புக்காரருக்குச் சம்சாரத்தின் கத்தி ஞாபகத்துக்கு வந்தது.

அந்த அம்மா கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். உங்கள் பாட்டிலில் மட்டும் உப்பு கூடுதலாய் இருக்கிறதே, ஏன்? வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 'மீன் மார்க்கெட் ஏரியா மேடம், உப்பு இருக்கத்தானே செய்யும்' என்றார் இவர். மார்க்கெட் மூடி மூன்று வாரம் ஆகிறது. அந்த அம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

வீட்டுக்கு வந்தால், சேதி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சம்சாரம் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போக வேண்டாம், இன்னும் பத்து நாள் பொறு என்றார். ஏன் என்றாள். சும்மாதான் என்றார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவளிடம் 'சும்மாதான்' செல்லுபடியாகுமா?

"ஊர்லயே நம்ம பக்கம்தான் சுத்தமாம். உங்க பம்ப் ரூமே சொல்லுதாம். வெளியில எவனையும் நம்பாதீங்க, சரி. நீங்க வேலை பார்க்கிற இடத்தையாவது நம்புங்களேன்" என்றாள்.

அவர் பாயை விரித்துப் படுத்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடல் நன்றாய் இறங்கியிருந்தது. பெட்டியில் வந்தது முதல் பிரிக்காமல் கிடந்த முப்பதடிக் கயிற்றைப் பிரித்தார். பாட்டிலைக் கட்டி இறக்கினார். கை இறங்கிக்கொண்டே போனது. அடியில் பாட்டில் தொட்டு, கவிழ்ந்து, நிறைந்து, கனத்தது. இழுத்தார். அதுவரை அவர் கொடுத்த பாட்டில்கள் மோர் மாதிரி இருந்தன, இது கஷாயம் மாதிரி இருந்தது. சட்டையெல்லாம் ஆயிற்று. ஏழு என்று ஒழுங்காய் எழுதுவதற்குள் இரண்டு சீட்டு வீணாயிற்று. உண்மையை எழுதிப் பழக்கம் இல்லாத கை.

மறுநாள் காலை போன் வந்தது. சோதனைக்கூடத்து அம்மாதான். குரலில் வருத்தம் இருந்தது.

நேற்று அனுப்பின பாட்டிலில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றார். முந்தின நாள் பச்சையாக இருந்தது, ஒரே நாளில் ஊரிலேயே இல்லாத சிவப்பாகத் தாவாது. பாட்டில் மாறியிருக்கும், அல்லது எங்கள் பக்கம் கை தவறியிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டோம். நீங்கள் கவலைப்பட வேண்டாம், மார்க்கெட் விஷயத்தில் மாற்றம் இல்லை.

இத்தனை நாள் பொய்யை ஐஸில் வைத்து அனுப்பினார், பத்திரமாய் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நாள் உண்மையை அனுப்பினார், குப்பையில் போட்டுவிட்டார்கள். பம்புக்காரர் போனைக் காதில் வைத்தபடி கிணற்றைப் பார்த்தார். இன்னும் ஒரு வருஷம் போனால் ஓய்வு. சீட்டில் பொய் எழுதினேன் என்று இப்போது சொன்னால் அந்த ஒரு வருஷமும் போகும், முப்பத்தொரு வருஷத்துப் பேரும் போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

"மேடம், அந்த ஒரு பாட்டில்தான் நிஜம். மத்ததெல்லாம் நான் எழுதின பொய்."

இவர் எல்லாவற்றையும் கொட்டினார். ஏழு மணிக்கு எடுக்கவில்லை, கடல் ஏறும்போது எடுத்தேன், கயிறு நாறுமே என்று எடுத்தேன், பாதிக்கு மேல் கடல் தண்ணீரைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த அம்மா கேட்டார். திட்டவில்லை. "இப்போ நீங்க சொல்றது பொய் இல்லைன்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி.

அந்த அம்மாவே வழி சொன்னார். தாள் புரள்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் உப்பு எவ்வளவு இருந்தது என்று என்னிடம் எழுத்தில் இருக்கிறது, நான் தேதியை மட்டும் சொல்கிறேன், அன்றைக்கு எந்த நேரம் எடுத்தீர்கள், கடல் எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார். முதல் தேதியைச் சொன்னார்.

"அன்னைக்கு அமாவாசைக்கு மறுநாள். கடல் முரட்டுத்தனமா ஏறியிருந்துது. பத்து மணி. உப்பு ரொம்ப இருக்கணும்."

அடுத்த தேதி.

"பதினொண்ணுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதே வேகம். உப்பு குறைஞ்சிருக்காது."

இன்னொரு தேதி.

"அரை நிலா. அன்னைக்குக் கடல் சோம்பேறி, பாதி கிணறுகூட ஏறலை. உப்பு கம்மியா இருக்கும். அன்னைக்கு மட்டும் உங்க கணக்குல நோய் கொஞ்சம் தலையைக் காட்டியிருக்கணுமே?"

"ஆமா" என்றார் அந்த அம்மா மெதுவாக. "மஞ்சளுக்குப் பக்கத்துல வந்துது. மறுநாள் இறங்கிடுச்சு."

"நோய் இறங்கலை மேடம். கடல் ஏறிடுச்சு."

பதினாறு தேதியும் கேட்டார். எந்தத் தாளும் பார்க்காமல் பதினாறுக்கும் சொன்னார். கடல் எப்போது ஏறும் என்று கேட்பதும் அவரிடம் வலது கை எது என்று கேட்பதும் ஒன்றுதான். "பதினாறும் சரியா இருக்கு" என்று கேட்ட குரலில், கிணற்றை எட்டிப் பார்த்தபோது அந்தக் கண்ணில் இருந்த அதே வியப்பு இருந்தது. பிறகு அந்த அம்மா படபடவென்று பேசினார். உப்பு எவ்வளவு என்று தெரிந்தால் கடல் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும், அதைக் கழித்தால் மிச்சம் உண்மை. பதினாறு நாளையும் திரும்பக் கணக்குப் போடலாம், ஒன்றும் வீணாகவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்குக் கடல் இறங்கும்?

எட்டே முக்கால் என்றார் பம்புக்காரர்.

மத்தியானத்துக்குள் கணக்கு வந்துவிட்டது. அவருடைய கிணறு இரண்டு வாரமாகவே சிவப்பு. மார்க்கெட் கதவின் சங்கிலி அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார்கள். கடலோரத்தில் இருக்கும் பதினொரு பம்ப் ரூமுக்கும் இன்னொரு உத்தரவு போனது. இனி ஏழு மணி இல்லை, கடல் இறங்குகிற நேரம். அந்த நேரத்தை இவரிடம்தான் கேட்டு எழுதினார்கள். இருபது கிலோமீட்டர் கரை நெடுக, முகம் தெரியாத பத்துப் பேர் இவர் சொன்ன நேரத்துக்குக் கயிறு இறக்கப் போகிறார்கள். ஒருத்தனையும் நம்பாதவர் சொன்னதை, அதுவும் பொய்யன் என்று தெரிந்த பிறகு, ஊர் நம்பியது. அந்த எண்ணம் வந்தபோது பம்புக்காரர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை தேடல் தொடங்கியது. கிணற்றில் வந்து சேருகிற பெரிய குழாய் மேலே போகப் போக ஐந்தாகப் பிரிகிறது. ஐந்து பிரிவிலும் மூடியைத் திறந்து மொண்டால், எந்தப் பிரிவில் நோய் என்று தெரிந்துவிடும். மச்சான் லாரியைக் கொண்டுவந்து இரும்பு மூடிகளை நெம்பினான், பம்புக்காரர் கயிறு விட்டார், அந்த அம்மா பாட்டிலை வாங்கி ஐஸில் வைத்தார். வெறிச்சோடின தெருவில் இந்த மூவர் ஒவ்வொரு குழியாய்க் கும்பிட்டுக்கொண்டு போவதை ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டிப் பார்த்தார்கள். மாடியிலிருந்து ஒரு அம்மாள், மார்க்கெட்டை மூடிவிட்டு இங்கே மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டாள். 'ஆமாக்கா, நீ காலையில விட்ட மீனைத்தான் தேடறோம்' என்றான் மச்சான். தெருவே சிரித்தது. மூன்று வாரமாய் அந்தத் தெருவில் சிரிப்புச் சத்தம் இல்லை.

மாலைக்குள் தெரிந்தது. ஐந்தில் நான்கு சுத்தம். மூன்றாவது மட்டும் கொதித்தது. பம்புக்காரர் வீடு அந்த மூன்றாவதில் இருக்கிறது.

ஞாயிறு காலை, அந்தக் குழாயில் வந்து சேருகிற ஏழு சந்துகளின் ஏழு மூடி. கடைசி மூடி அவருடைய சந்தின் முனை. அன்றைக்குப் பாட்டில்களோடு சோதனைக்கூடத்துக்கு அவரும் போனார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

சுத்தமான வெள்ளை அறை. அங்கே ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு திரை. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, என்னென்னவோ செய்து, அந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள். திரையில் ஏழு கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அந்த அம்மா நாற்காலி போட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோடு மட்டும், யாரோ தரைக்கு அடியிலிருந்து முட்டுகிற மாதிரி, லேசாய் அசைந்தது. வளைந்தது. பிறகு நிமிர்ந்து ஏற ஆரம்பித்தது. மற்ற ஆறும் படுத்தே கிடந்தன. அது ஏறிக்கொண்டே போனது. ஏழாவது மூடி. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மண்ணுக்குள், இருட்டுக்குள், எத்தனையோ குடம் தண்ணீரில் கரைந்து போன ஒன்று, கண்ணெதிரே எழுந்து நின்று நான் இங்கேதான் இருக்கிறேன் என்றது. பம்புக்காரர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"இதுல என் சம்சாரம் இருக்காளா?" என்று கேட்டார்.

"தனியா யாரும் தெரியாது ஐயா. உங்க சந்து முழுக்கச் சேர்ந்ததுதான் இந்த ஒரு கோடு."

மத்தியானமே சந்தின் இரு முனையிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். வீட்டுக்கு வீடு மூக்கில் குச்சி விட்டார்கள். வந்துபோன ஒன்றிரண்டு காய்ச்சலையும் சளி என்று மூடிவைத்திருந்தார்கள்; அன்றைக்கு யாருக்கும் காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் நம்பவில்லை. 'சந்தேகம்' வேலை பார்க்கிற இடத்திலிருந்து வந்த வினை என்று அவர் காதுபடவே ஏசினார்கள். பக்கத்துத் தெரு சுத்தமாக இருக்கும்போது இந்த ஒரு சந்துக்குள் நோய் எப்படி வந்தது என்று சுகாதார ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பம்புக்காரர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள்தான் சொன்னாள். மார்க்கெட் மூடின இரண்டாம் நாளே சந்தின் பின்னால் இருக்கிற பழைய ஐஸ் கிடங்கில் மீன் வெட்டு தொடங்கிவிட்டது. அங்கிருந்து வீடு வீடாய் மீன் போகும். வெளியே தெரியக்கூடாது என்று கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, காற்றுக்கு ஒரு ஓட்டைகூட இல்லாமல், இருபது பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்து வெட்டினார்கள். அவர் ஆறு மணிக்குப் பம்ப் ரூமுக்குக் கிளம்பின பிறகு போய், ரெண்டு மணிக்கு அவர் வருவதற்குள் குளித்து, நாற்றம் போகத் தேய்த்து, வீட்டில் உட்கார்ந்துகொள்வாள். திறந்த வெளியில் காற்றோட்டமாய் இருந்த மார்க்கெட்டைப் பூட்டினதில், நோய்க்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தாயிற்று.

"தினம் ஏழுன்னு பொய் எழுதினீங்களே, என்னைக் கேக்கறதுக்கு உங்களுக்கு வாய் இருக்கா?" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

இல்லை. அவர் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று பேருக்கு இருந்தது. அவளுக்கும் இருந்தது, அவருக்கு இல்லை. ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அன்றைக்கே எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வகுப்பறைகளில் கட்டில் போட்டிருந்தது, சுவரோரம் பிராணவாயு உருளைகள் நின்றன. அவளுடைய நெஞ்சுக் கதையைக் கேட்டதும் ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்து, விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டினார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அதில் ஒரு எண் தெரியும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே வந்தால் நர்ஸ் ஓடி வருவாள்.

மூன்றாம் நாள் காலை அவள் பக்கத்துக் கட்டில்காரியோடு, கெளுத்தி மீனின் முள்ளை எப்படி ஒடிக்க வேண்டும் என்று வாயடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கவில்லை, வலி இல்லை. விரலில் எண் தொண்ணூறு, எண்பத்தேழு, எண்பத்து நான்கு என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாமல் அவள் மூழ்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பார்த்தாள். அந்த நிமிஷமே மூக்கில் குழாய் ஏறியது. வீட்டில் இருந்திருந்தால் கண் அசந்த நேரத்தில் முடிந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பம்புக்காரர் நம்பினார். இப்போதெல்லாம் அவருக்கு அது கொஞ்சம் பழகியிருந்தது.

பொய் எழுதியதற்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. பதிலை மச்சானிடம் சொல்லி எழுதவைத்தார். 'எழுதியது பொய். எழுதியது நான். இனிமேல் எழுத மாட்டேன்.' இன்னும் கொஞ்சம் உருக்கமாய் எழுதலாமே மாமா என்றான் அவன். உருக்கம் வேறு எதற்கு, உள்ளது மூன்று வரிதான் என்றுவிட்டார். அதன்மேல் என்ன முடிவு எடுத்தார்களோ, இன்றுவரை தெரியாது. கடல் குழாயின் இரும்பு மூடியும் இன்றுவரை அப்படியே தொங்குகிறது.

அவள் பன்னிரண்டு நாள் குழாயோடு கிடந்தாள். இரண்டு நாள், இனி ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். சந்திலிருந்து வந்த நாற்பத்து மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள், ஆனால் அவள் விஷயத்தில் மட்டும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பம்புக்காரர் தினம் வேலை முடிந்து வந்து, வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, பிள்ளைகள் விளையாடுகிற மண் தரையில் நிற்பார். உள்ளே விடமாட்டார்கள். அவள் கண் மூடிக் கிடப்பாள். நெஞ்சு ஏறுகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்ப்பார். ஏறும். இறங்கும். பார்த்துவிட்டுப் போவார்.

பதின்மூன்றாம் நாள் மூன்று மணிக்கு அவர் வந்து நின்றபோது கட்டில் காலியாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். மூக்கில் குழாய் இல்லை. பாதி வழியில் நின்றாள், மூச்சு வாங்கினாள், வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தாள். வந்து சேர்ந்து ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதியாய் இளைத்திருந்தாள்.

"என்ன இப்படி முழிச்சுப் பாக்கறீங்க? நான்தான்" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "இன்னும் சந்தேகமா?"

அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியில் மூச்சு பட்டு, ஒரு கை அகலத்துக்கு வெள்ளையாகப் பனி படிந்தது. அது ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. மறைவதற்குள் அடுத்த மூச்சு வந்து படிந்தது. ஒன்றேயொன்று மிச்சமிருந்த நுரையீரலிலிருந்து வந்த காற்று, தன் கையால் தன் பேரை எழுதுகிற மாதிரி, அவர் கண்ணெதிரே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பம்புக்காரர் தலையிலிருந்த வேலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.